வோட்டுப் போட்டவர் எங்கே?

வில்லியம் பக்லியின் 'தி அன்மேக்கிங் ஆஃப் எ மேயர்' 1966இல் வெளிவந்த புஸ்தகம். முந்தின வருஷம் நியூயார்க் மேயர் தேர்தலில் கன்ஸர்வேடிவ் கட்சி அபேட்சகராக நின்று தோற்ற கதையை அவரே சொல்கிறார். ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்று நிருபர்கள் கேட்டபோது, வோட்டுக்களை மறுபடி எண்ணச் சொல்வேன் என்றவர் அவர். ஹாஸ்யம் அருமைதான், ஆனால் எனக்கு உறுத்துகிறது.

சுமார் 3,41,000 பேர், அதாவது நூற்றுக்கு 13 பேர், அவருக்கு வோட்டளித்தார்கள். அவர்களில் பலர் குவீன்ஸ் போன்ற பகுதிகளில் வசித்த ஐரிஷ், இத்தாலியக் கத்தோலிக்கர்கள். திருட்டுப் பயமும் வரிச் சுமையும் அவர்களுக்கு விளையாட்டல்ல. பக்லியோ யேல் சர்வகலாசாலையில் படித்த பணக்காரர். அவருடைய நீண்ட நீண்ட ஆங்கில வார்த்தைகளில் பாதியாவது அவர்களுக்குப் புரிந்திருக்குமோ, என்னவோ! இருந்தும் போட்டார்கள்.

நாவல் எழுதுகிற நான் அந்த மனிதரைத்தான் பக்கம் பக்கமாகத் தேடினேன். ஜெயித்த லிண்ட்ஸே வருகிறார். தோற்ற பீம் வருகிறார். போலீஸ்காரர்களிடையே தாம் பேசியதைப் பத்திரிகைகள் திரித்துவிட்டதாக நெடிய வழக்கும் வருகிறது. வோட்டுப் போட்டவர் மட்டும் எண்ணிக்கையாக வருகிறாரே தவிர, முகமாக வரவில்லை.

1970இல் பக்லியின் தமையனார் ஜேம்ஸ், அதே கட்சியின் அபேட்சகராக நியூயார்க்கில் நின்று செனட்டரானார்.