கண்ணுக்குத் தெரியாத எதிரியா, நாமே கதவைத் திறந்துவிட்ட விருந்தாளியா?



சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் ஒரு விழிப்புணர்வு இயக்கத்தைத் தொடங்கியது. ‘கண்ணுக்குத் தெரியாத எதிரி’ என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். ஸ்கேம்ஷீல்டு செயலியும் நச்சுநிரல் தடுப்புச் செயலியும் போடுங்கள், வலுவான கடவுச்சொல்லோடு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள், தூண்டில் மோசடியின் அடையாளங்களைக் கவனியுங்கள், மென்பொருளை உடனுக்குடன் புதுப்பியுங்கள் என்று நான்கு அறிவுரைகள். நான்கும் நல்லவைதான். குறை அந்தப் பெயரில் இருக்கிறது.

‘எதிரி’ என்றதும் நம் மனத்தில் என்ன வருது? சுவர் ஏறிக் குதிப்பவன். வேவு மென்பொருள் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. நாம் அழைத்துத்தான் வருகிறது. அதே 2023-இல் இங்கே நடந்த செயலி மோசடிகளை நினைத்துப் பாருங்க. வீட்டுத் துப்புரவு, உணவுப் பொருள் என்று சமூக ஊடகத்தில் விளம்பரம். தொடர்பு கொண்டவருக்கு ஓர் இணைப்பு வரும். அதிகாரபூர்வச் செயலிக் கடைக்கு வெளியே இருந்து அவரே செயலியை இறக்கினார்; கேட்ட அனுமதியையும் அவரே கொடுத்தார். வங்கிக் கடவுச்சொல் அந்த வழியாகத்தான் போனது. அது கைப்பேசி, வீட்டுக் கணினியிலும் கதை இதேதான். திருட்டு மென்பொருள், இலவச விளையாட்டு, உலாவியில் சேர்க்கும் நீட்சி என்று வேடம் மட்டும் மாறும்.

வேடம் என்றதும் திருக்குறளின் 59-ஆம் அதிகாரம், ஒற்றாடல், நினைவுக்கு வரும். யாரும் ஐயப்படாத தோற்றம் ஒற்றனுக்கு வேண்டும், துறவி வேடத்திலும் அவன் நுழைவான் என்கிறார் வள்ளுவர். கட்டுரைக்குப் பொருத்தமான கருத்து. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வள்ளுவர் ஒற்றரை அரசனின் கண்ணாகப் போற்றுகிறார், நாமோ இங்கே வேவு பார்க்கப்படும் பக்கத்தில் நிற்கிறோம். அந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லிவிட்டு எழுதினால்தான் மேற்கோள் பொருந்தும். சொல்லாமல் விட்டால் அது வெறும் அலங்காரம்.

‘அப்படின்னா நம்பிக்கையான மென்பொருளை மட்டும் போட்டால் போதுமே?’ என்று கேட்பீர்கள். போதாது. மாணவர்களின் கற்றல் சாதனங்களில் மொபைல் கார்டியன் என்ற மேலாண்மைச் செயலி இருந்தது. அது வேவு மென்பொருள் அல்ல, பாதுகாப்புக்காகப் போட்டது. ஆனால் சாதனத்தைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்கு உண்டு. 2024 ஆகஸ்ட்டில் அந்தத் தளத்துக்குள் யாரோ அத்துமீறி நுழைந்தார்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கியது. தேர்வுக்காகச் சேர்த்த குறிப்புகள் ஒரே இரவில் போனால் எப்படி இருக்கும்? ஆகவே ‘நல்லவனா, கெட்டவனா’ என்பதோடு நிற்காமல், ‘இதற்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறேன்?’ என்றும் கேட்க வேண்டும்.

தமிழாசிரியர்கள் இதைத் தங்கள் மேசையிலிருந்தே தொடங்கலாம். 1997-இல் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டை நடத்திய ஊர் இது. அப்போது எழுத்துருவையும் தட்டச்சு நிரலையும் தேடித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கு. ஆனால் தட்டச்சு நிரல் என்பது நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் பார்க்கக்கூடியது. ஊர்பேர் தெரியாத தளத்திலிருந்து இறக்கினால், வினாத்தாளும் மதிப்பெண்ணும் கடவுச்சொல்லும் அதன் வழியாகத்தான் போகும். விண்டோஸ், மேக் இரண்டிலும் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்க.

அந்த நான்கு அறிவுரைகளோடு நான் சேர்க்கச் சொல்வது இவை. வீட்டுக் கணினியில் நிர்வாகி கணக்கு ஒன்று தனியாக இருக்கட்டும்; அன்றாட வேலைக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி சாதாரணக் கணக்கு. அப்போது புதிய நிரல் பெரிய அதிகாரம் கேட்டால் நிர்வாகியின் கடவுச்சொல்லையும் கேட்கும். யோசிக்க ஒரு நிமிடம் கிடைக்கும். மாதம் ஒருமுறை நிரல் பட்டியலையும் நீட்சிகளையும் பாருங்கள், பயன்படாததை நீக்குங்கள். முக்கியக் கோப்புகளின் நகலைக் கணினியோடு இணைக்காத வட்டில் வையுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினாலும் தேக்காவில் வாங்கினாலும் கணினி கணினிதான். அதற்குள் யாரை விடுகிறோம் என்பது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அடுத்த வகுப்பில் ‘எதிரி யார்?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இந்த வாரம் எதற்கெல்லாம் அனுமதி கொடுத்தீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். மாணவர்கள் எழுதும் கட்டுரை வேறு மாதிரி வரும்.