போர் செய்தவர் பாடிய போர்: புறநானூற்றின் நான்கு பாடல்கள்

போரில் நின்றவனே போரின் உண்மையைப் பாட முடியும் என்னும் கருத்து முதல் உலகப்போருக்குப் பின் உலகெங்கும் பரவியது. நச்சுப்புகையையும் பதுங்குகுழியின் சேற்றையும் பாடிய ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவன், போர் ஓய்வதற்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4 அன்று களத்திலேயே இறந்தார். அவரை வைத்துப் பார்த்தால் இக்கருத்து சரியாகவே தோன்றும். தமிழில் இது பொருந்துகிறதா என்று பார்க்கக் காவிரிப் படுகையே போதுமானது. சுவாமிமலைக்குத் தெற்கே ஆவூர், தென்கிழக்கே குடவாசல், அதற்கும் அப்பால் தலையாலங்காடு ஆகிய ஊர்கள் உள்ளன. இம்மூன்றும் சங்கப்பாடல்களோடு தொடர்புடைய போர்க்களமாகவோ கோட்டையாகவோ சிறையாகவோ கருதப்படுகின்றன.

1894-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் 71 முதல் 74 வரையுள்ள பாடல்கள் போரிட்ட வேந்தர்கள் தாமே பாடியனவாகக் கொள்ளப்படுகின்றன. முதல் மூன்றும் வஞ்சினப் பாடல்கள். தலையாலங்கானத்தில் எழுவரை எதிர்கொண்ட நெடுஞ்செழியன் பாடியது 72-ஆம் பாடல். தன்னை இளையவன் என்று இகழ்ந்தவரை முரசோடு பிடிக்காவிட்டால், குடிமக்கள் தன்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான். நல்ல பாட்டுத்தான். ஆனால் அவன் அஞ்சுவது சாவுக்கு அன்று, பழிச்சொல்லுக்கு. பாட்டில் பிணம் இல்லை, புண் இல்லை. சோழன் நலங்கிள்ளியின் 73-ஆம் பாடலும் இத்தகையதே. தன்னை மதியாதவன், தூங்கும் புலிமேல் இடறிய குருடன் போலத் தப்பமாட்டான் என்று உறுமுகிறான் அவன்.

அதே நலங்கிள்ளியின் முற்றுகையில் ஆவூர்க் கோட்டைக்குள் என்ன நடந்தது? அதைச் சொன்னவர் கோவூர்கிழார். களம் கண்டு வென்ற வீரராக அன்றிப் புலவராகவே நாம் அறிபவர் அவர். 44-ஆம் பாடலில், உள்ளே அடைந்திருந்த நெடுங்கிள்ளியிடம் அவர் பேசுகிறார்: பெண்யானைகளோடு நீராட வழியின்றி, நெய்ச்சோற்றுக் கவளமுமின்றி யானைகள் பெருமூச்செறிகின்றன, பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, பெண்கள் பூவில்லாத வெறுந்தலையை முடிகிறார்கள். அறவழி நிற்பதானால் கதவைத் திறந்து கொடு, வீரனானால் திறந்து போரிடு என்கிறார். அடுத்த பாடலில், இருவர் அணிந்திருப்பதும் ஆத்திமாலையே, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இடித்துரைக்கிறார். முற்றுகை என்றால் பசி என்பதை உரைத்தவர் இவர். முற்றுகையிட்ட வேந்தன் தன் பாட்டில் அதைத் தொடவே இல்லை.

வஞ்சினம் போருக்குமுன் சொல்லப்படுவது, அதில் களத்தைத் தேடுவது நியாயமா என்று கேட்கலாம். துறை மரபு கவிஞனைக் கட்டுப்படுத்துவது உண்மையே. ஆயினும் போர் முடிந்தபின் பாடப்பட்ட 74-ஆம் பாடலிலும் களம் வரவில்லை. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் திருப்போர்ப்புறத்தில் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தபோது பாடியது அது. இறந்து பிறந்த குழந்தையையும் வாளால் பிளந்து அடக்கும் குடியில் வந்தவன், சங்கிலியில் கட்டிய நாய்போல் இருத்தப்பட்டு, அன்பில்லாதவர் தரும் நீரை வயிற்றுத் தீ தணிய இரந்து உண்பதா என்று குமுறுகிறான். நால்வரில் இவன் பாட்டில்தான் தாகம் கொண்ட ஓர் உடல் இருக்கிறது. தோல்விதான் அதைக் கொண்டுவந்தது. அப்போதும் அது அவனுடைய உடல் மட்டுமே. களத்தில் விழுந்த அவன் வீரர்கள் நினைக்கப்படவில்லை.

அதே போரின் களத்தை வெண்பாக்களில் பாடியது பொய்கையாரின் களவழி நாற்பது. நெற்களம், போர்க்களம் இரண்டையும் 'களவழி' என்ற ஒரே சொல்லால் தொல்காப்பியம் குறிப்பது நெல்நாட்டினருக்கு வியப்பாக இராது. இந்நூலில் குருதியும் வெட்டுண்ட யானைகளும் ஏராளம். ஆனால் கார்த்திகை விளக்கு போன்ற அழகிய உவமைகள் வந்து குருதியின் கொடுமையை மூடிவிடுகின்றன. அவலம் உவமையாகும்போது நாம் களத்தை விட்டு உவமையையே பார்க்கிறோம்.

இரும்பொறையின் முடிவு பற்றி இரு மரபுகள் உண்டு. புறநானூற்றின் அடிக்குறிப்பு, காலந்தாழ்த்து வந்த நீரை அவன் பருகாமல் கையில் வைத்திருந்து இறந்தான் என்கிறது. களவழியின் குறிப்போ, பொய்கையார் களம் பாடி அவனைச் சிறையிலிருந்து மீட்டார் என்கிறது. இரண்டும் ஒருங்கே உண்மையாக முடியாது. பாட்டின் குரலுக்குப் பொருந்துவது முன்னதே. நீர் கொண்டுவந்த காவலனும் போர்வீரனாகவே இருந்திருப்பான். அவன் பாடியதாக நானூற்றில் எதுவும் இல்லை.