பூச்சிப் படத்துக்கு முதல் செலவு வெளிச்சம்

மேக்ரோ படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது ‘எந்த லென்ஸ் வாங்கலாம்?’ என்றுதான். கடைக்காரரும் நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைப்பார். லென்ஸில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை மாட்டிக்கொண்டு செம்பருத்திச் செடிக்கு முன்னால் குந்தினால், பாதிப் படங்கள் ஷேக் ஆகியிருக்கும். மீதிப் படங்களில் எறும்பின் கண் தெளிவாக இருந்தால் கொம்பு மங்கியிருக்கும். கொம்பும் தெளிய வேண்டுமென்று அபர்ச்சரைச் சுருக்கினால் படம் இருண்டுவிடும். இருட்டைச் சரிக்கட்ட ஐஎஸ்ஓவை ஏற்றினால் எறும்பின் உடம்பெல்லாம் மணல் தூவியது போலப் புள்ளி தட்டும். சுற்றிச் சுற்றி எல்லாம் வெளிச்சப் பற்றாக்குறையில்தான் வந்து நிற்கிறது.

ஆகவே லென்ஸ் செலவைக் குறைத்து, மிச்சப் பணத்தையும் கவனத்தையும் ஃபிளாஷில் போட்டால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதுதான் இந்த விமர்சனம். கேமரா, நிக்கான் டி5600. 2016-இல் வந்த பழைய மாடல்தான், ஆனால் 70-300 ஏஎஃப்-பி லென்ஸோடு சேர்த்து இரட்டை லென்ஸ் கிட்டாக விற்கப்பட்டதால் நம் ஊரில் பல வீடுகளின் அலமாரியில் இருக்கிறது. அந்த லென்ஸின் முகப்பில் மாட்ட ரேனாக்ஸ் டிசிஆர்-250. மேலே கோடாக்ஸ் டிடி350 ஃபிளாஷ், நிக்கானுக்கான ‘என்’ வகை. இவற்றோடு கையால் செய்த டிஃப்யூசர் ஒன்று.

ஒரு சென்டிமீட்டர் உலகம்

ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்பது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் க்ளோஸ்-அப் லென்ஸ். சக்தி 8 டயாப்டர். மூன்று கண்ணாடிகள் கொண்டது என்பதால், ஒற்றைக் கண்ணாடியில் வரும் மலிவான க்ளோஸ்-அப் ஃபில்டர்களில் தெரியும் நிறப்பிசிறு இதில் மிகக் குறைவு. கூடவே வரும் ஸ்பிரிங் கிளிப், 52 முதல் 67 மில்லிமீட்டர் வரையிலான ஃபில்டர் அளவுகளில் உட்காரும். 70-300 லென்ஸின் அளவு 58. இரண்டு பக்கமும் அழுத்தி உள்ளே விட்டால் ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும்.

உருப்பெருக்கக் கணக்கு எளிது. லென்ஸை இன்ஃபினிட்டி ஃபோகஸில் நிறுத்தி, குவிய நீளத்தை 125-ஆல் வகுத்தால் போதும். 135-இல் ஏறத்தாழ 1 மடங்கு, 200-இல் 1.6, 300-இல் 2.4. டி5600-இன் சென்சார் அகலம் 23.5 மில்லிமீட்டர் என்பதால், 300-இல் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு ஒன்று தலை முதல் வால் வரை அந்தச் சட்டத்தை நிறைத்துவிடும். 70 பக்கம் ஜூமைக் குறைத்தால் மூலைகள் கறுக்கும். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இதில் அதிகம் பேசப்படாத லாபம் ஒன்று உண்டு. எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டு 2 மடங்கு எட்டினால், சென்சாரைச் சேரும் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். மூன்று ஸ்டாப்புக்கும் மேல் நஷ்டம். முன்னால் மாட்டும் க்ளோஸ்-அப் லென்ஸில் அந்த நஷ்டம் இல்லை. லென்ஸில் எஃப்/11 என்று வைத்தால் எஃப்/11 வெளிச்சமே கிடைக்கிறது. சின்ன ஃபிளாஷை நம்பி இறங்குகிறவருக்கு இது பெரிய உதவி.

கஷ்டமும் உண்டு. 2.4 மடங்கில், எஃப்/11-இல், தெளிவாக விழும் தடிமன் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். மூச்சு விட்டாலே ஃபோகஸ் நழுவும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 135-இலிருந்து ஏறி வருவதே நல்லது.

ஷட்டர் செய்ய வேண்டிய வேலையை ஃபிளாஷ் செய்கிறது

டி5600-இல் ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/200 வினாடி. காற்றில் ஆடும் இலைமேல் ஓடும் எறும்பை இரு மடங்கு பெரிதாக்கி எடுக்க அந்த வேகம் எந்த மூலைக்கு? ஆனால் அறை இருட்டாக இருந்தால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும், ஃபிளாஷ் மின்னிய கணம் மட்டும்தான் படத்தில் பதியும். டிடி350 முழுச் சக்தியில் 1/350 வினாடி மின்னுகிறது, 1/128 சக்தியில் 1/20,000 வினாடி என்பது நிறுவனத்தின் கணக்கு. சக்தியைக் குறைக்கக் குறைக்க மின்னல் குறுகும், அசைவு உறையும். கை நடுக்கமும் அதோடு அடங்கிவிடுகிறது. ட்ரைபாட் தேவைப்படவே இல்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சுற்றியுள்ள வெளிச்சம் படத்தில் பதியாத அளவுக்கு மங்கலாக இருக்க வேண்டும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப்/16, 1/200 என்று வைத்தால் ஃபிளாஷே இல்லாமல் சரியான எக்ஸ்போஷர் வந்துவிடும். அந்த வெயிலில் ஃபிளாஷ் அடித்தால் வெயில் ஒரு படமும் ஃபிளாஷ் ஒரு படமுமாக இரண்டு பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். சிறகின் ஓரத்தில் பேய்க்கோடு தெரிவது இதனால்தான். விலை கூடிய கேமராக்களில் ஹை-ஸ்பீட் சிங்க் போட்டு வெயிலை வெட்டலாம். டி5600-இல் அந்த வசதி கிடையாது. கறுப்புக் குடை ஒன்றை யாராவது பிடித்துக்கொண்டால் அதே வேலை நடக்கும். காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டால் குடையும் வேண்டாம், குளிரில் பூச்சிகளும் மந்தமாக இருக்கும்.

செட்டிங்குகள்

மோடு ‘எம்’. ஷட்டர் 1/200. அபர்ச்சர் எஃப்/11. ஐஎஸ்ஓ 200. ஒயிட் பேலன்ஸ் ‘ஃபிளாஷ்’. கோப்பு ‘ரா’. ஃபிளாஷும் ‘எம்’, சக்தி 1/16. நிழலில் எடுக்கத் தொடங்க இது போதும். படம் வெளுத்தால் 1/32, கறுத்தால் 1/8. எஃப்/16 வரை சுருக்கலாம், தெளிவின் தடிமன் கொஞ்சம் கூடும். அதற்கு மேல் போனால் டிஃப்ராக்‌ஷன் காரணமாக 24 மெகாபிக்சல் சென்சாரின் நுணுக்கமெல்லாம் மழுங்கும்.

ஃபிளாஷை ஏன் டிடிஎல்-இல், அதாவது கேமராவே அளவு பார்த்துச் சக்தியை முடிவு செய்யும் முறையில், விடக் கூடாது? இரண்டு காரணங்கள். முதலாவது, ரேனாக்ஸ் மாட்டி இன்ஃபினிட்டியில் நிறுத்திவிட்டால் பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையே எப்போதும் ஒரே இடைவெளிதான், சுமார் 12 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் ஃபோகஸே ஆகாது. தூரம் மாறாது என்றால் ஃபிளாஷ் வெளிச்சமும் மாறாது. ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் காலை முழுக்கத் தொட வேண்டியதில்லை. ‘ஒரே தூரத்தில்தான் எடுக்க முடியுமா?’ என்று பலர் குறைப்படும் அதே குணம், மேனுவல் ஃபிளாஷுக்கு அளவுகோலாகிவிடுகிறது. டிடிஎல்லோ மாவுப்பூச்சியின் வெள்ளையைக் கண்டால் படத்தை இருட்டாக்கும், கட்டெறும்பின் கறுப்பைக் கண்டால் வெளுக்க வைக்கும்.

இரண்டாவது காரணத்தை ஒரு ஈ காட்டிக்கொடுக்கும். தோட்டத்துச் செடிகளின் கீழ் இலைகளில், உலோகப் பச்சையாக மின்னும், உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் கால்கள் நீண்ட சின்ன ஈ ஒன்று உட்கார்ந்து உட்கார்ந்து எழும். டிடிஎல்லில் வைத்து இதை எடுத்தால் பல படங்களில் வெறும் இலை மட்டும் இருக்கும். டிடிஎல் முறையில் அளவு பார்ப்பதற்காக ஃபிளாஷ் முதலில் லேசாக ஒருமுறை மின்னும், பிறகுதான் படத்துக்கான மின்னல் வரும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அந்த ஈக்கு அந்த இடைவெளி தாராளம், முதல் மின்னலுக்கே கிளம்பிவிடும். மேனுவலில் முன்மின்னல் கிடையாது. ஈ எழுவதற்குள் படம் பதிந்துவிடும்.

ஃபோகஸும் மேனுவல்தான். வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காமல், உடம்பை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்து, கண் தெளியும் நொடியில் பட்டனை அழுத்த வேண்டும். இடது கையால் காம்பைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டால் காற்றடித்தாலும் இலையும் கேமராவும் சேர்ந்தே ஆடும். கண்டிப்பாகச் செய்ய வேண்டியது இன்னொன்று. ஏஎஃப்-பி லென்ஸில் ஃபோகஸ் வளையம் மின்சாரத்தில் இயங்குவது, கேமரா தூங்கி எழுந்தால் ஃபோகஸ் இடம் மாறியிருக்கக்கூடும். மெனுவில் ஸ்டாண்ட்பை நேரத்தைக் கூட்டிவையுங்கள்.

பொறிவண்டின் முதுகில் ஒரு ஜன்னல்

அவரைக் கொடியில் அசுவினி மொய்த்தால் பின்னாலேயே பொறிவண்டும் வரும். ஃபிளாஷைச் சோதிக்க அதைவிடக் கடுமையான பரீட்சை இல்லை. பளபளவென்ற வளைந்த முதுகு, எதிரில் இருக்கும் வெளிச்ச மூலத்தை அப்படியே கண்ணாடியாகக் காட்டிவிடும். ஃபிளாஷை நேராக அடித்தால் சிவப்பின் நடுவே சுண்ணாம்புப் பொட்டு வைத்தாற்போல ஒரு வெள்ளைத் திட்டு விழும். அந்த இடத்தில் நிறமும் இல்லை, புள்ளியும் இல்லை. ரா கோப்பில் எவ்வளவு இழுத்தாலும் திரும்ப வராது.

வெளிச்சம் மென்மையாக இருக்க, பூச்சியின் பார்வையில் ஃபிளாஷ் பெரிதாகத் தெரிய வேண்டும். ஃபிளாஷின் சக்தி இதில் ஒன்றும் செய்யாது. எவ்வளவு பெரிய வெள்ளைப் பரப்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. 300-இல் இந்த லென்ஸ் நன்றாக வெளியே நீள்வதால், கேமரா தலையில் இருக்கும் ஃபிளாஷ் பூச்சியிலிருந்து தள்ளிப்போகிறது. கேமராவோடு வரும் பாப்-அப் ஃபிளாஷின் நிலைமை இன்னும் மோசம். லென்ஸ் குழாயின் நிழலே பூச்சிமேல் விழும்.

டிஃப்யூசருக்குக் காசு வேண்டாம். கெட்டியான சார்ட் அட்டையைப் புனல் வடிவில் சுருட்டி, உள்ளே சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, குறுகிய வாயை ஃபிளாஷ் தலையில் ரப்பர் பேண்டால் கட்ட வேண்டும். அகன்ற வாய் லென்ஸ் முனைக்குச் சற்று முன்னால் வந்து பூச்சியை நோக்கிக் கவிழ வேண்டும். அந்த வாயை, டிவி பெட்டிகளில் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டால் மூடலாம். ஃபோம் ஷீட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே டிரேசிங் பேப்பர் ஒன்று கூடுதலாக இருந்தால் மையத்தின் சூடான புள்ளியும் கரைந்துவிடும். இவ்வளவும் சேர்ந்து ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும். 1/16-ஐ 1/8 அல்லது 1/4 ஆக்கினால் சரியாகிவிடும்.

இப்போது அதே பொறிவண்டை எடுத்தால், வெள்ளைத் திட்டு இருந்த இடத்தில் அகலமான, மங்கலான ஜன்னல் ஒன்று தெரியும். அதற்குள்ளும் சிவப்பு இருக்கும். சிறகுறைகளின் நுண்குழிகள், தலையோரத்து வெள்ளைத் திட்டுகள், காலில் ஒட்டிய மகரந்தம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். லென்ஸ் அதேதான், கேமராவும் அதேதான்.

கறுத்த பின்னணி பிடிக்காதவர்கள் பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் இன்னொரு இலை இருக்கும்படி கோணம் பார்க்க வேண்டும். ஃபிளாஷ் அந்த இலையையும் தொட்டுவிடும். ஷட்டரை 1/60-க்கு இறக்கி இயற்கை வெளிச்சத்தைச் சேர்ப்பது காற்றில்லாத காலையில் மட்டும் பலிக்கும்.

குறைகள்

டிடி350-க்கு இரண்டே இரண்டு ஏஏ பேட்டரிகள். முழுச் சக்தியில் அடித்தால் மறுபடி தயாராக இரண்டு வினாடிக்கு மேல் ஆகும். 1/8-க்குக் கீழே காத்திருப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் தொடர்ச்சியாக எடுத்து, கணினியில் அடுக்கி ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்ய நினைத்தால் இந்தச் சின்ன ஃபிளாஷ் மூச்சு வாங்கும். ரீசார்ஜபிள் பேட்டரிகள் கட்டாயம், கையில் இன்னொரு ஜோடி இருப்பது உத்தமம். லித்தியம் பேட்டரியில் இயங்கும் வி350 இந்தச் சிக்கலைத் தீர்க்கும், விலை கூடும்.

ரேனாக்ஸின் கிளிப் அவசரத்துக்கு நல்லது, உறுதிக்கு அல்ல. புதருக்குள் நுழையும்போது கிளை தட்டினால் கழன்றுவிட வாய்ப்புண்டு. 58-லிருந்து 43-க்கு ஸ்டெப்-டவுன் வளையம் போட்டுத் திருகிக்கொள்வது நிம்மதி. பூச்சி இன்னும் பெரிதாக இருந்தால், உதாரணமாகக் கும்பிடுபூச்சியோ கறிவேப்பிலைப் புழுவோ என்றால், டிசிஆர்-250 அதிகம். 4.8 டயாப்டர் கொண்ட டிசிஆர்-150 பொருத்தமாக இருக்கும்.

வாங்கலாமா?

கையில் டெலி ஜூம் ஏற்கெனவே இருக்கிறதென்றால், முதலில் ஃபிளாஷ், இரண்டாவது ரேனாக்ஸ். டிஃப்யூசரை அன்றைக்கே செய்துவிடுங்கள். நிக்கானுக்கு ‘என்’, கேனனுக்கு ‘சி’, சோனிக்கு ‘எஸ்’ என்று எழுத்து பார்த்து வாங்க வேண்டும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று சரிப்படாது. ரிங் ஃபிளாஷுக்கு இந்தச் செலவில் இடமில்லை. அதன் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழுந்து பூச்சியைத் தட்டையாக்கும், கண்ணில் வளையமும் தெரியும்.

தத்துப்பூச்சி, எறும்பு, தாவும் சிலந்தி என்று ஒரு சென்டிமீட்டருக்குள்ளான உயிர்கள்தான் இலக்கு என்றால் இந்தக் கூட்டணி தாராளமாகப் போதும். தட்டான், வண்ணத்துப்பூச்சி என்று எட்ட நின்று எடுக்க வேண்டியவைதான் பிடிக்கும் என்றால் 12 சென்டிமீட்டர் நெருக்கம் ஒத்துவராது, மேக்ரோ லென்ஸுக்கே போங்கள். அப்போதும் இந்த ஃபிளாஷும் அட்டைப் புனலும் வீணாகாது, அந்த லென்ஸுக்கும் மாட்டிக்கொள்ளலாம்.