தாகம் மேலே, ஊசி கீழே

முகூர்த்த மாதம் பிறந்தால் போதும், சென்னையின் சருமக் கிளினிக்குகளில் 'ஸ்கின் பூஸ்டர்' விளம்பரம் ஏறிவிடுகிறது. ஹயலுரானிக் அமிலக் கூழை மெல்லிய ஊசியால் கன்னம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: கிரீம் மேலோடு நின்றுவிடும், ஊசிதான் ஆழத்துக்குப் போகும்.

கைதேர்ந்த மருத்துவர் போட்டால் ஆபத்து குறைவு. கன்னம் வழவழப்பாகிறது, மெல்லிய சுருக்கம் மங்குகிறது. சில ஆய்வுகளில் தோலின் ஈர அளவும் கூடியிருக்கிறது. சரி.

என் சண்டை அந்த 'ஆழம்' என்ற சொல்லோடுதான். ஊசி போய்ச் சேரும் உள்தோல் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிற இடம். அதன் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீர். முகம் இழுப்பதும் வெள்ளை பூப்பதும் செதில் உரிவதும் மேல்தோலின் ஆக வெளியே உள்ள அடுக்கில். காகிதத்தைவிட மெல்லிய அந்த அடுக்கில் செத்த செல்கள் செங்கல் என்றால், செராமைடும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் சாந்து. கடுஞ்சோப்பு அரிப்பது இந்தச் சாந்தை. அது போனால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஏசி அறையில் இன்னும் வேகமாக. ஓட்டைக் குடத்தை அடைக்காமல் மேலும் இரண்டு செம்பு ஊற்றுவதற்கு வைத்தியம் என்றா பெயர்?

அமெரிக்காவில் இதே வகையான 'ஸ்கின்வைவ்' ஊசிக்கு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 மே மாதம் அனுமதி தந்தது. எதற்கு? 21 வயதுக்கு மேற்பட்டவர்களின் கன்ன வழவழப்பைக் கூட்ட. வறட்சியைத் தீர்க்க என்று அந்த வாசகத்தில் இல்லை. அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவுக்கு எந்தச் சிகிச்சையும் தரவில்லை. நல்ல மாய்ஸ்சரைசரோடு மோதவிட்டிருந்தால் அல்லவா அது பந்தயம்!

எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு முன் ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை போட்டுக்கொண்டாள். எழுந்து வந்தபோது கன்னமெங்கும் கொசு கடித்த மாதிரித் தடிப்பு. இரண்டு நாளில் அது அடங்கிப் பளபளப்பும் வந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் ஆபீஸ் ஏசியில் சாயங்காலமானால் மூக்கோரம் உரிவது மட்டும் நிற்கவில்லை. பிறகு சோப்பை நிறுத்தினாள். முகம் கழுவிய ஈரம் காய்வதற்குள் கிளிசரின் கலந்த கிரீம் தடவினாள். மூன்றாவது வாரம் உரிவது நின்றது. அந்த டப்பா இருநூறு ரூபாய்க்குள்தான்.