படியேறாத பொதிமாடு

நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டும் சேலம், நாமக்கல் வீடுகளுக்குச் சிறு உருவங்களை அடுக்கி வைத்துப் பார்க்கும் இன்பத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாண செட், கிரிக்கெட் செட் என்று தேடி வாங்குகிறோம். நிறம் மங்கிய பழைய பொம்மைக்கு வீட்டிலேயே வர்ணம் பூசுகிறோம். மேலைநாடுகளில் இதே ஆசை வரலாற்றுப் போர் விளையாட்டாக வளர்ந்தது. 28 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான சிப்பாய்களுக்கு வர்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுத்து, பகடை உருட்டிப் பழைய போர்களை நடத்துகிறார்கள். இந்தக் கலையின் பெரிய பலம், வரலாற்றைக் கையால் படிக்க வைப்பதுதான். கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படைச் சிப்பாய் பொம்மை என்றால், கறுப்பு அடிப்பூச்சு காய்ந்தபின் சட்டைக்குச் சிவப்பு. நீர்க்கக் கரைத்த கருமை ஓடிப்போய் மடிப்புகளில் தங்கும். ஈரம் துடைத்த தூரிகையை மேடுகளில் மட்டும் உரசினால் துணி உயிர்பெறும். தலைப்பாகைக்கு வந்ததும் கை தயங்கும். பழையதா, புதியதா? தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைச் சென்னைப் படைச் சிப்பாய்கள்மீது திணித்ததும், நெற்றிக்குறியையும் தாடியையும் தடுத்ததும், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இச்செய்தியை, தூரிகை பிடித்தவரால் அப்படிக் கடக்க முடியாது.

ஆனால் இந்தக் கலையின் கண் சீருடையிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலம் சீமை கும்பினியின் கைக்குப் போனது. திப்புவின் புலிவரிச் சட்டையும் கும்பினியின் சிவப்புச் சட்டையும் எதிரெதிரே நின்றால் கொலுப்படிக்கே அழகுதான். அந்தப் படைகளின் பீரங்கிகளை இழுத்தவை காளைகள். தானியம் சுமந்து வந்தவை நாடோடி வணிகர்களான வஞ்சாரிகளின் பொதிமாடுகள். மாடு சோர்ந்தால் படையும் நின்றது. அவற்றுக்கும் அவற்றை ஓட்டியவர்களுக்கும் மேசையில் அநேகமாக இடமில்லை. கும்பினியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். வெற்றியையும் தோல்வியையும் பகடை தீர்க்கும் விளையாட்டில் அந்தத் தூக்குமரத்தை எங்கே வைப்பது? போரின் விலையைச் சொல்லத் தெரியாதது இதன் மெய்யான குறை.

பொம்மைக்கு இத்தனை விசாரணை எதற்கு என்று கேட்கலாம். விளையாட்டுப் போர் நிஜப் போருக்கு நல்ல மாற்று என்ற வாதமும் உண்டு. இந்த விளையாட்டுக்கு 1913-இல் நூல் எழுதிய எச்.ஜி. வெல்ஸ் அப்படித்தான் நம்பினார். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. பொம்மை போரைத் தடுக்காது; அதற்காக அது போரை வளர்க்கிறது என்பதும் மிகை. அது செய்யக்கூடியது ஒன்றே: பார்ப்பவரை உற்றுப் பார்க்க வைப்பது. அதை அரைகுறையாகச் செய்யும்போதுதான் அலங்காரமாகச் சுருங்குகிறது. எனவே கலையைக் கைவிட வேண்டாம், வரிசையை நீட்டினால் போதும். சங்ககிரிக் கோட்டையைக் கொலுவில் வைக்க நினைப்பவர்கள், சிப்பாய்களுக்குப் பின்னால் ஒரு பொதிமாட்டையும் அதை ஓட்டிவந்தவரையும் சேர்த்து வையுங்கள்.