உவகையும் கலுழ்ச்சியும்: புறநானூற்றுத் தாயின் கண்ணீர்

புறநானூற்றுத் தாய் என்றதும், மகனைப் போருக்கு அனுப்பி அவன் இறப்பில் மகிழும் வீரத்தாயே பெரும்பாலோர் நினைவுக்கு வருகிறாள். மேடைப் பேச்சு வளர்த்த இவ்வுருவத்துக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆம் பாடல் முக்கிய ஆதாரமாகும். மகன் புறங்கொடுத்தான் என்ற பழிச்சொல்லைக் கேட்ட முதியவள், வாளேந்திக் களஞ்சென்று பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். வெட்டுண்டு கிடக்கும் உடலைக் கண்டு, அவனைப் பெற்ற பொழுதினும் பெரிதாக மகிழ்கிறாள். பாடல் அம்மகிழ்ச்சியோடு முடிந்துவிடுகிறது.

அதற்கு முன்னுள்ள 277ஆம் பாடலைப் பாடியவர் பூங்கணுத்திரையார். இங்கும் மகன் களிற்றை வீழ்த்தித் தானும் மடிகிறான். இங்கும் தாயின் உவகை பெற்ற நாளினும் பெரிது. ஆனால் பாடல் அவ்வளவில் நிற்கவில்லை. மழை பெய்ய, அசையும் மூங்கிலில் தொங்கும் நீர்த்துளிகளிலும் அவள் கண்ணீர்த்துளிகள் பல என்று கூறியே முடிகிறது.

இவ்விரு பாடல்களுக்கும் வகுக்கப்பட்ட துறை உவகைக்கலுழ்ச்சி. அப்பெயரின்படி கண்ணீர் மகிழ்ச்சியின் விளைவாகிவிடுகிறது. துயரத்துக்கு அங்கு இடமில்லை. 277ஆம் பாடலின் அமைப்போ அத்துறைக்குள் முற்றாக அடங்குவதன்று. உவகைக்கு ஓர் அளவு, கண்ணீருக்கு வேறோர் அளவு எனப் புலவர் இரு ஒப்புமைகளைத் தனித்தனியே நிறுத்துகிறார். ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததாக அவர் கூறவில்லை. மேலும், இறந்தவனை எண்ணும் வேளையில் அவன் பிறந்த நாளை நினைவூட்டுவது, மகிழ்ச்சியை அளக்கும்போதே இழப்பையும் அளந்துவிடுகிறது.

வன்பரணரின் 255ஆம் பாடலில் மறக்குடிப் பெருமிதம் முற்றாகவே விலகிவிடுகிறது. வீழ்ந்துகிடக்கும் கணவனருகே நிற்பவள், வாய்விட்டு அலறினால் புலி வருமோ என அஞ்சுகிறாள். அவனது அகன்ற மார்பைத் தழுவித் தூக்கவும் இயலவில்லை. தன் கையைப் பற்றிக்கொண்டு மலைநிழல்வரை சிறிது நடந்துவருமாறு இறந்தவனையே வேண்டுகிறாள். தூக்கமுடியாத உடலின் பாரமே இங்குத் துயரத்தின் பாரமாகிறது.

பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியான தமது ஆங்கில நூலில் சங்கப் பாடல்களை வீரயுகக் கவிதைகளாக ஆராய்ந்தார். வீரயுகம் வேண்டியது புகழை. அப்புகழுக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் அக்கவிதைகளே பதிவுசெய்துள்ளன என்பது இப்பாடல்களால் தெளிவாகும்.

1983 முதல் 2009 வரை போரைக் கண்ட இந்நாட்டில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 278ஆம் பாடலை மட்டும் மனனஞ் செய்தவன், மகனை இழந்த தாயின் அழுகையை மரபுக்கு இழுக்கு எனக் கருதக்கூடும். 277ஐயும் கற்றவன், அவ்வழுகைக்கும் மரபில் இடமுண்டு என்பதை அறிவான்.