பழியும் முறையும்

கொலை நிகழ்ந்ததும் அரசு கொலைஞனைத் தேடுகின்றது; நீதிமன்றம் அவனை விசாரிக்கின்றது; சிறைச்சாலை அவனுக்கு உணவும் உடையும் அளிக்கின்றது. கொலையுண்டவனின் வீட்டாரை நோக்குவார் யார்? இவ்வினாவையே, கினோசித்தா கெய்சுக்கே நெறிப்படுத்தி 1979ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வெறிக்கொலை: மகனே!’ எனப் பொருள்படும் யப்பானியத் திரைச்சித்திரம் எழுப்புகின்றது. உண்மை வரலாறொன்றைத் தழுவி எழுந்தது இச்சித்திரம்.

சிறு தொழிற்கூடம் நடத்தும் ஒருவரின் ஒரே மகன், முன்பின் அறியாத இளைஞனொருவனாற் காரணமின்றிக் குத்தப்படுகின்றான். தனக்காகப் பழிவாங்குமாறு தந்தையை வேண்டியே உயிர்விடுகின்றான். கொலைஞன் வயதிற் குறைந்தவனாதலின் தண்டனையும் குறைகின்றது. வெஞ்சினத்தாற் கொதிக்கும் தந்தை, நாளடைவில் தம்மைப்போன்று உற்றாரை இழந்தோரை ஊரூராகத் தேடிச் செல்கின்றார். அவர்களை ஒன்றுசேர்த்து, அத்தகையோர்க்கு அரசு உதவச் சட்டம் வேண்டுமெனப் போராடுகின்றார். மகன் கேட்டது பழி. தந்தை தேடியது முறை. இம்மாற்றமே சித்திரத்தின் உயிர்நாடி.

தந்தையாக நடித்த வாக்கயாமா தொமிசாபுரோ, வாள்வீரர் வேடங்களாற் புகழ்பெற்றவர். அத்தகையவர் ஈண்டு வெறுங்கையராய், மனுத்தாள்களைச் சுமந்து நிற்கும் காட்சி நெஞ்சை உருக்குகின்றது. ‘இருபத்துநான்கு விழிகள்’ என்னும் கினோசித்தாவின் 1954ஆம் ஆண்டுச் சித்திரத்தில் ஆசிரியையாகத் தோன்றிய தக்காமினே ஹிதேக்கோ, இதில் தாயாக வருகின்றார். அடங்கிய அவர் துயரம், கணவரின் ஆவேசத்திற்கு ஈடாக நிற்கின்றது.

குறையும் உண்டு. பிற்பகுதியிற் குடும்பங்களின் துயரக்கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுவதால், கலைப்படைப்பு சிற்சில இடங்களில் விண்ணப்பமாகிவிடுகின்றது. ஆயினும் தந்தையின் தனித்துயர் பொதுத்துயராக விரிவதும் அவ்வடுக்கினாலேயே என்பதை மறத்தலாகாது.

1974ஆம் ஆண்டில் தோக்கியோ நகரில் மிற்சுபிசி நிறுவனக் கட்டடத்தின் முன் குண்டு வெடித்து எண்மர் மாண்டபின், இக்கோரிக்கை நாட்டின் செவியில் ஏறலாயிற்று. 1980இல் நிறைவேறிய சட்டம் 1981ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் நிகழ்ந்த குற்றங்களுக்கு அச்சட்டத்தின் உதவித்தொகை கிடைக்கவில்லை. சித்திரத்தின் தந்தையோ சட்டத்தைக் காணாமலே கண்மூடுகின்றார். தமக்கு யாதும் எய்தாதெனினும் பிறர் கண்ணீரைத் துடைக்க முனைந்த அவருடைய உழைப்பே, மகன் வேண்டிய பழியினும் பெரிதாகும்.